மூட்டில் வந்த முடக்குவாதம் மூச்சையும் தொடும்!

காலையில் விரல் மடங்கவில்லை. கூடவே வறட்டு இருமல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது ஏன்?

டெல்டா பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதம் இது:

'வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. இருவேளையும் பால் கறப்பது என் மனைவிதான். அவருக்கு வயது 44. ஆறு மாதமாக விடியற்காலையில் அவருடைய கைவிரல்கள் மடங்குவதில்லை. மாட்டின் காம்பைப் பிடித்து அழுத்த முடியவில்லை. வெயில் ஏறி, பத்து மணிக்கு மேல்தான் கை வேலைக்கு வருகிறது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். சாப்பிட்ட அன்றைக்கு நன்றாக இருக்கும், மறுநாள் பழையபடி வலி வந்துவிடும். அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார்கள். இரண்டு மாதமாக வறட்டு இருமலும் இருக்கிறது, புல்லுக்கட்டைத் தூக்கி வரும்போது வழியில் நின்றுவிடுகிறார் என்று சொன்னதும், நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். கை வலிக்கு நெஞ்சை எதற்குப் படம் எடுக்க வேண்டும்? இது வீண் செலவா?'

இது வீண் செலவு இல்லை. அந்த மருத்துவர் கேட்டது சரியான பரிசோதனைதான். முடக்குவாதம் மூட்டில் தெரிகிற நோய் என்றாலும், மூட்டோடு நிற்கிற நோய் அல்ல. நுரையீரலையும் அது தொடும். நோய் வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான் என்றில்லை, சிலருக்குத் தொடக்கத்திலேயே தொடும். இந்த விஷயம் பல வீடுகளில் தெரியாததால்தான் மூட்டு வலிக்கு ஒரு மருத்துவர், இருமலுக்கு இன்னொரு மருத்துவர் என்று அலைந்து காலம் போகிறது.

முதலில், இது எந்த வாதம்?

கிராமத்தில் மூட்டில் வலி என்றாலே 'வாதம்' என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால், எல்லா மூட்டு வலியும் ஒன்றில்லை. வயதாகி, மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்ந்து வருவது தேய்மான வாதம். இது பெரும்பாலும் முழங்காலில் வரும். நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழுந்ததும் கொஞ்சம் இறுக்கம் இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விலகிவிடும்.

முடக்குவாதம் வேறு. இதைச் சரவாங்கி என்று சொல்பவர்களும் உண்டு. ஆங்கில மருத்துவத்தில் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்பார்கள். கை கால் இழுத்துக்கொள்ளும் பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த உடலையே தாக்குவதுதான் முடக்குவாதம். பயிரைக் காக்கக் கட்டிய வேலி பயிரையே மேய்ந்த கதைதான் இது. ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 30 வயதிலிருந்து 60 வயதுக்குள் தொடங்குவதே வழக்கம். வீட்டு வேலை, மாட்டு வேலை, வயல் வேலை என்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வயது அது.

இதன் அடையாளங்கள் தெளிவானவை. மணிக்கட்டு, விரல் கணுக்கள், கால் விரல்களின் அடிப்பகுதி போன்ற சிறிய மூட்டுகளில் வீக்கம் வரும். பெரும்பாலும் இரண்டு கையிலும், இரண்டு காலிலும் வரும். காலை இறுக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். வேலை செய்யச் செய்ய இறுக்கம் தளரும். மோதிரம் கழற்ற வராது, மெட்டி இறுகும். கை குலுக்கினால் உயிர் போகும். இப்படி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்கக் கூடாது.

சிக்குன்குனியா காய்ச்சல் வந்து போனவர்களுக்கும் மாதக்கணக்கில் இதே போன்ற வலி நிற்பதுண்டு. 'அந்தக் காய்ச்சலோட மிச்சம்தான்' என்று நினைத்து முடக்குவாதத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவும். இவற்றில் ஆன்டி சி.சி.பி. முக்கியமானது. மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் இது தோன்றிவிடுவதுண்டு. நுரையீரல் கதைக்குள் போவதற்கு இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட மிகச் சிறிய காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் மிக மிக மெல்லியது. அதன் வழியாகத்தான் பிராணவாயு ரத்தத்துக்குள் இறங்குகிறது. முடக்குவாதம் நுரையீரலைத் தொடும்போது இந்தச் சுவரில் அழற்சி வருகிறது. கவனிக்காமல் விட்டால், புண் ஆறி வடு விழுவதுபோல அங்கே தழும்பு விழுகிறது. மேல்மண் இறுகிப்போன வயலில் தண்ணீர் நின்றாலும் உள்ளே இறங்காது இல்லையா? அதே நிலைதான் இங்கும். காற்று உள்ளே போகிறது, ஆனால் பிராணவாயு ரத்தத்தில் போதுமான அளவு சேர்வதில்லை. விழுந்த தழும்பை எந்த மருந்தாலும் அழிக்க முடியாது. மேலும் விழாமல் தடுக்கவும், விழும் வேகத்தைக் குறைக்கவும் மட்டுமே முடியும். சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நுரையீரலில் இந்த ஒரு பாதிப்பு மட்டும் வருவதில்லை. நுரையீரலை மூடியிருக்கும் உறையில் நீர் கோக்கலாம். அப்போது மூச்சை இழுத்தால் குத்தும். நுரையீரலுக்குள் சிறு கட்டிகள் தோன்றலாம். மூச்சுக் குழாய்கள் தடித்து, சளி தேங்கலாம். எல்லோருக்கும் இவை வருவதில்லை. வந்தவர்களிலும் பலருக்குப் படத்தில் மட்டுமே தெரியும் அளவில் நின்றுவிடும். ஆனால், பத்தில் ஒருவர் என்ற அளவில் தொல்லை தரும் நுரையீரல் தழும்பு நோய் வருவதாகக் கணக்கிடப்படுகிறது. முடக்குவாதக்காரர்களின் ஆயுளைக் குறைக்கும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

தொடக்கத்திலேயே வருமா?

மூட்டுக்கும் நுரையீரலுக்கும் உள்ள இந்த உறவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 1948-ம் ஆண்டிலேயே எல்மேன், பால் என்ற இரண்டு மருத்துவர்கள் மூட்டும் நுரையீரலும் சேர்ந்து பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி இங்கிலாந்தின் மருத்துவ இதழில் எழுதினார்கள். அடுத்து 1953-ல் கேப்லன் என்ற மருத்துவர், வேல்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்-ரே படங்களைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். முடக்குவாதம் உள்ள தொழிலாளர்களின் நுரையீரலில் மட்டும் வட்ட வட்டமான நிழல்கள் தனியாகத் தெரிந்தன. தூசியும் முடக்குவாதமும் சேர்ந்தால் நுரையீரலில் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டிய கண்டுபிடிப்பு அது. இன்றும் அந்தப் பாதிப்பு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அப்போதெல்லாம் இது நாள்பட்ட நோயாளிகளுக்கு வருவது என்றே நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பை மாற்றிய ஆய்வுகளில் ஒன்று 1997-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மூட்டு நோய் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத 36 பேரைப் பல வகைப் பரிசோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். ஏதாவது ஒரு பரிசோதனையிலாவது நுரையீரல் மாற்றம் தெரிந்தவர்கள் 58 சதவிகிதம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தொல்லை எதுவும் இல்லை. கவனிக்க வேண்டிய அளவுக்குப் பாதிப்பு இருந்தவர்கள் மொத்தத்தில் 14 சதவிகிதம். சிறிய ஆய்வுதான். ஆனால், அதில் இன்னொரு பாடமும் இருந்தது. சாதாரண எக்ஸ்-ரே படத்தில் மாற்றம் தெரிந்தது 6 சதவிகிதம் பேருக்கு மட்டுமே. நுணுக்கமான சி.டி. ஸ்கேனில் அது 33 சதவிகிதமாக இருந்தது. 'எக்ஸ்-ரே நல்லா இருக்கு' என்ற ஒரே வார்த்தையை நம்பி இருமலை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நோய் தொடங்கும் இடமே நுரையீரலா?

சிலருக்கு மூட்டு வலி வருவதற்கு முன்பே நுரையீரல் பாதிப்பு தெரியவருகிறது. இதை வைத்து மருத்துவ உலகம் ஒரு சந்தேகத்துக்கு வந்திருக்கிறது. சிலருக்கு நோய் பற்றவைக்கப்படும் இடமே நுரையீரலாக இருக்கலாம் என்பதுதான் அது. பீடி, சிகரெட் புகையோ கல் தூசியோ நுரையீரலை ஆண்டுக்கணக்கில் உறுத்தும்போது, அங்குள்ள புரதங்கள் சிறிது மாறுகின்றன. மாறிய புரதத்தை உடல் அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கத் தொடங்குகிறது. ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை கண்டுபிடிப்பது இந்த எதிர்ப்பைத்தான். சுவீடன் நாட்டு ஆய்வுகளில், மருந்து எதுவும் தொடங்காத புதிய நோயாளிகளிலேயே ஆன்டி சி.சி.பி. உள்ளவர்களின் நுரையீரலில் மாற்றங்கள் கூடுதலாகத் தெரிந்தன.

புகைபிடிப்பவர்களுக்கு இந்த வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. பாறை, மணல், கல் தூசியில் வேலை செய்பவர்களுக்கும் அப்படியே. மலேசியாவில் பெண்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வு, ஜவுளித் தூசியில் வேலை பார்த்த பெண்களுக்கு முடக்குவாத ஆபத்து கூடுவதாகக் காட்டியது. கோடையில் வயல் வேலை இல்லாதபோது கல்குவாரிக்கும், கிணறு வெட்டவும் போகிற ஆண்கள், நூற்பாலைக்குப் போகிற பெண்கள் நம் கிராமங்களில் ஏராளம். இவர்கள் மருத்துவரிடம் போகும்போது 'விவசாயம்' என்று மட்டும் சொல்லாமல், இந்த வேலைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் கண்ணில் படாமல் போகிறது?

நுரையீரல் பாதிப்பு சத்தமில்லாமல் வளரும். முதலில் லேசான வறட்டு இருமல் வரும். 'களத்துத் தூசி' என்று விட்டுவிடுவார்கள். பிறகு மேடு ஏறினால், தண்ணீர்க்குடம் தூக்கினால் மூச்சு வாங்கும். 'வயசாகுதுல்ல' என்பார்கள். விறகு அடுப்பில் சமைக்கிற வீட்டில் 'அடுப்புப் புகை' என்று சொல்லிவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. மூட்டு வலியால் நடப்பதும் தூக்குவதும் ஏற்கெனவே குறைந்திருக்கும். வேகமாக நடந்தால்தானே மூச்சு வாங்குவது தெரியும்? நடக்காதவருக்கு மூச்சுக் குறைவது தெரிவதே இல்லை.

ஆகவே முடக்குவாதம் உள்ளவரைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு:

* மூன்று வாரத்துக்கு மேல் வறட்டு இருமல் இருக்கிறதா?

* போன வருடம் நிற்காமல் நடந்த தூரத்தை இந்த வருடம் நின்று நின்று நடக்கிறாரா?

* பேசிக்கொண்டே நடக்கும்போது பேச்சு தடைப்படுகிறதா?

* மூச்சை ஆழமாக இழுத்தால் விலாப்பக்கம் குத்துகிறதா?

* விரல் நுனிகள் உருண்டு, நகம் கவிழ்ந்த கரண்டிபோல வளைந்திருக்கிறதா?

ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதை முதலில் சொல்லிவிட வேண்டும். புகைபிடித்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், ஆண்கள், ஆன்டி சி.சி.பி. அல்லது ஆர்.ஏ. ஃபேக்டர் மிக அதிகமாக உள்ளவர்கள், மூட்டு வீக்கம் அடங்காமலேயே இருப்பவர்கள் ஆகியோருக்கு நுரையீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். முடக்குவாதம் பெண்களுக்கே அதிகம் வந்தாலும், நுரையீரல் தழும்பு என்று வரும்போது ஆண்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

என்னென்ன பரிசோதனைகள்?

முதல் பரிசோதனைக்குச் செலவே இல்லை. மருத்துவர் முதுகில், நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதுதான் அது. தழும்பு விழுந்திருந்தால், ஒட்டும் செருப்பு வாரைப் பிரிக்கும்போது வரும் 'சரசர' ஒலிபோல மூச்சின் முடிவில் கேட்கும். சட்டைக்கு மேலோ, முன்பக்கம் மட்டுமோ வைத்துக் கேட்டால் இது தவறிப்போகும்.

இரண்டாவது, குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் கொள்ளளவையும், வாயு ரத்தத்தில் சேரும் திறனையும் அளக்கும் பரிசோதனை. மூன்றாவது, நுணுக்கமான சி.டி. ஸ்கேன். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்குச் சி.டி. ஸ்கேனையும் ஊதும் பரிசோதனையையுமே பரிந்துரைக்கிறது. இதற்கு எக்ஸ்-ரே மட்டும் போதாது என்கிறது. அதற்காக முடக்குவாதம் உள்ள எல்லோரும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. யாருக்கு, எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பமாக இருப்பவர்களும், இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களும் ஸ்கேனுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதைத் தூசி தட்டி எடுக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை, ஆறு நிமிடம் நடந்த பிறகு ஒரு முறை அளவு பாருங்கள். நடந்த பிறகு 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ, மருதாணி அடர்த்தியாக வைத்திருந்தாலோ கருவி தவறாகக் காட்டலாம். அளவு நன்றாக இருக்கிறது என்பதற்காக மூச்சுத் தொல்லையைச் சொல்லாமல் விடவும் கூடாது.

காசநோயும் நம் ஊரில் இருமலாகத்தான் தொடங்கும். எனவே சளிப் பரிசோதனையும் அவசியம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்துபவை என்பதால், உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் காசநோய் தலைதூக்கலாம். தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

மருந்தைப் பற்றிய பயம்

முடக்குவாதத்துக்கு முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். 'அது நுரையீரலைக் கெடுக்கும்' என்ற பேச்சைக் கேட்டுப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, நிறைய குழப்பமும் உண்டு. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள், இந்த மருந்தால் நுரையீரலில் திடீர் ஒவ்வாமை வரலாம். காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் ஆகிய மூன்றும் சில நாளில் கூடிக்கொண்டே போகும். அப்படி வந்தால் அடுத்த தவணை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால், ஆண்டுக்கணக்கில் மெல்ல விழும் தழும்புக்கு இந்த மருந்து காரணமில்லை என்பதையே அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. நோயை அடக்கி வைப்பதால் தழும்பு வருவது தள்ளிப்போகலாம் என்றும் அவை சொல்கின்றன.

இந்த மாத்திரையில் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம், அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டியது. தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வைப்பது நல்லது. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடக் கூடாது. மது கூடாது. ரத்தம், கல்லீரல் பரிசோதனைகளை மருத்துவர் சொன்ன தேதியில் செய்ய வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் இதை எடுக்கக் கூடாது.

நுரையீரலில் அழற்சி முற்றியவர்களுக்கு வேறு மருந்துகளும், தழும்பு வளரும் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளும் இப்போது இருக்கின்றன. எது யாருக்கு என்பதை மூட்டுவாத மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வதே சிறந்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கெனத் தனித் துறையே இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள், எந்தெந்தச் சிகிச்சைக்கு அது பொருந்தும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது, பெயர் ஒட்டாத பொட்டலங்களில் சந்தையில் விற்கும் 'மூட்டு வலிப் பொடி'க்குத்தான். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். உள்ளே எலும்பு கரையும், சர்க்கரை ஏறும், கிருமித் தொற்று எளிதில் பற்றும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையே கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயலிலும் வீட்டிலும் செய்ய வேண்டியவை

பீடி, சிகரெட்டை நிறுத்துவது முதல் வேலை. மாத்திரை போட்டுக்கொண்டே புகைப்பது, மடையைத் திறந்துவிட்டு வயலில் தண்ணீர் நிறுத்தப் பார்ப்பதுபோலத்தான். நெல் தூற்றும்போதும், வைக்கோல் போர் பிரிக்கும்போதும், தவிடு, தீவனம் கொட்டும்போதும் காற்றுக்கு எதிரில் நிற்கக் கூடாது. துண்டைக் கட்டிக்கொண்டால் பெரிய தூசி மட்டுமே நிற்கும். நுண்ணிய தூசிக்கு என்-95 முகக்கவசம் வேண்டும். பூச்சிமருந்து அடிக்கும் வேலைக்கு இந்த முகக்கவசமும் போதாது. முடக்குவாதம் உள்ளவர் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம். விறகு அடுப்பிலிருந்து கேஸ் அடுப்புக்கு மாற முடியாவிட்டால், புகைபோக்கியாவது வைக்க வேண்டும்.

ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வலி அடங்கிய நாளில் சும்மா படுத்திருக்காமல் தினமும் முடிந்த தூரம் நடப்பது மூட்டுக்கும் நல்லது, மூச்சுக்கும் நல்லது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மெத்தோட்ரெக்ஸேட் மூன்று வருடமாகப் போடுகிறேன். வலியே இல்லை. இனி நிறுத்திவிடலாமா?

வலி இல்லாததற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தினால் நோய் மறுபடியும் கிளம்ப வாய்ப்பு அதிகம். அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். வலி இல்லாவிட்டாலும் இருமல், மூச்சு வாங்குதல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

கேள்வி: முகாமில் ரத்தம் எடுத்தபோது ஆர்.ஏ. ஃபேக்டர் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு எந்த மூட்டிலும் வலி இல்லை. இது முடக்குவாதமா?

இந்தப் பரிசோதனையை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்ய முடியாது. நோய் இல்லாத சிலருக்கும், வேறு சில தொற்று உள்ளவர்களுக்கும் இது தெரியலாம். காலை இறுக்கம், வீக்கம், நீடித்த இருமல் ஏதாவது தொடங்கினால் தாமதிக்காமல் காட்டுங்கள். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய வைக்கோலைப் பிரித்த அன்று மாலையே காய்ச்சலும் இருமலும் வருகிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. மூட்டு வலி கிடையாது. இதுவும் அதே நோயா?

இது வேறாக இருக்கலாம். பூஞ்சணம் பிடித்த வைக்கோல், தானியத் தூசியை மூச்சில் இழுத்து நாலைந்து மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல் வருவதை 'விவசாயி நுரையீரல்' என்றே மருத்துவத்தில் சொல்கிறார்கள். தொடர்ந்து நடந்தால் இதிலும் தழும்பு விழும். வைக்கோலை நன்றாகக் காயவைத்துப் போர் போடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை நீங்கள் கையாள வேண்டாம். நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முடக்குவாதம் வந்தால் உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், பருப்பு எல்லாம் ஒதுக்க வேண்டுமா?

இவற்றை ஒதுக்கினால் நோய் அடங்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் சதை கரைந்து உடல் மேலும் தளரும். ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டால் உங்களுக்கு வலி கூடுவது உறுதியாகத் தெரிந்தால் அதை மட்டும் விடுங்கள். காய்கறி, கீரை, பயறு, மீன் என எல்லாம் கலந்த சாப்பாடே நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி, கூடவே மூச்சு வாங்குகிறது. நுரையீரலில் வாதம் இறங்கிவிட்டதா?

இந்த வயதில் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம்தான். அது நுரையீரலுக்குப் போகாது. ஆனால், மூச்சு வாங்குவதற்கு ரத்தச்சோகை, இதய நோய், ஆஸ்துமா எனப் பல காரணங்கள் உண்டு. முழங்காலைக் காட்டப் போகும் அதே நாளில் மூச்சையும் சொல்லிப் பரிசோதித்துவிடுங்கள்.

கடிதம் எழுதிய வாசகருக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று வந்தால் நிம்மதியாக மூட்டுக்கு மருந்தைத் தொடங்கலாம். அந்தப் படம் நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும், பத்திரமாக வையுங்கள். பாதிப்பு தெரிந்தால், ஆறு மாதத்திலேயே கண்டுபிடித்தது உங்கள் மனைவிக்குக் கிடைத்த நல்ல நேரம். மருத்துவமனைக்கு நீங்களும் கூடவே போங்கள். 'இருமல் ஒண்ணும் பெருசா இல்ல' என்று அவர் சொல்லக்கூடும். புல்லுக்கட்டோடு வழியில் நின்றதைப் பார்த்தவர் நீங்கள்தான். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.